புகையிலையும் கணக்கேடும்: யாழ்ப்பாணத் தீவகத்தை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் புகையிலையைத் தவிர்த்து அப்பாற் செல்ல முடிந்ததில்லை. பேராசிரியர் சி. அரசரத்தினம் முதலாகப் பலர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இக்குடாநாட்டின் பணவரவுக்கு அடித்தளமாக விளங்கிய பயிர் என்ற வகையில் இதனை ஆராய்ந்துள்ளனர். எனினும் அவ்வாராய்ச்சிகளுக்கு மூலாதாரமாக அமைந்த கணக்குகள் யாரால், எத்தேவை கருதி எழுதப்பட்டன என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை. இன்று புகையிலைப் பாவனையைக் கட்டுப்படுத்துவதற்கென அரசு பொதுப்பணத்தைச் செலவிடுகின்றது. அதன் முன்னேற்றத்தை அளந்து உலக அரங்கில் அறிக்கையிடவும் கடமைப்பட்டுள்ளது. இந்நிலையில் அவ்வினா பழங்கணக்கு ஆராய்ச்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. முந்நூறு ஆண்டுகளாக வரிக்காக எண்ணிப் பழகிய கண், உடல்நலத்துக்காக எண்ணத் தொடங்கும்போது எவற்றைக் காண்கிறது, எவற்றைக் காணத் தவறுகிறது என்பதனை ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவகப் பகுதிகளை முன்னிறுத்தி நோக்குவதே எமது எண்ணம்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம் எனப்பட்டன. இவற்றுள் நெடுந்தீவுக்கு இடப்பட்ட டெல்ஃப்ற் என்னும் பெயரே பிறமொழி வழக்கில் இன்றுவரை நிலைத்துள்ளது. பெயரிடுதல் உடைமை கொண்டாடுதலின் முதற்படி. அளவிடுதல் அடுத்த படி. போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற தோம்பு முறையை ஒல்லாந்தர் மேலும் விரித்தனர். காணி, அதில் நிற்கும் பயன்தரு மரங்கள், அதற்குரியவன், அவன் செலுத்தவேண்டிய இறை என்பன ஏட்டில் ஏறின. நெடுந்தீவில் வளர்க்கப்பட்ட குதிரைகளும், குடாநாட்டிலிருந்து ஏற்றப்பட்ட யானைகளும், சாயவேரும், பனைமரமும் கும்பனியின் கணக்கில் இடம்பெற்றமை போலவே புகையிலையும் இடம்பெற்றது.

ஊர்காவற்றுறையின் இடம் இங்குக் கருதற்பாலது. இறங்குதுறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து 'கய்ற்ஸ்' என்ற பெயர் பிறந்தது என்பர். தமிழ்ப் பெயரோ காவலையும் துறையையும் ஒருங்கே சுட்டுவது. நீரிணையின் நடுவே கடற்கோட்டை நின்றது. அவ்வழிச் சென்ற தோணியில் ஏற்றப்பட்டது எவ்வளவு, அதற்குரிய தீர்வை எவ்வளவு என்பதை அறிவதே துறைக் காவலின் பணி. துறையைக் கடந்த பின் அவ்விலையை மென்றவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது அதன் கவலையன்று.

யாழ்ப்பாணப் புகையிலையின் தலையாய சந்தை திருவாங்கூர். அங்கே அதன் விற்பனை அரசின் தனியுரிமையாக இருந்தது. அரசின் முகவர் கொள்வனவு செய்து, பண்டகசாலைகளிற் சேர்த்து, விதித்த விலைக்கு விற்பர். கொள்வோன் ஒருவனாகவும் விளைப்போர் பல்லாயிரவராகவும் உள்ள சந்தையில் விலை எப்பக்கம் சாயும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1795 இல் யாழ்ப்பாணத்தைப் பெற்ற ஆங்கிலேயர் இந்நிலையை எதிர்கொண்டவாற்றை அறிய எமக்குள்ள சிறந்த சான்றுகளுள் ஒன்று அந்தோனி பேர்ட்டோலாச்சி 1817 இல் வெளியிட்ட நூலாகும். இலங்கையின் விவசாய, வணிக, நிதி நலன்களை ஆராயும் அந்நூலாசிரியர் சுங்கப் பகுதியின் தலைமை அதிகாரியாகவும் குடியியற் கணக்குகளின் பதிற் கணக்காய்வாளராகவும் பணியாற்றியவர். அவரது நூலிலே புகையிலை விளைநிலமும் குடியானவனும் வருகின்றன. ஆனால் அவை வருமானம் என்னும் பலகணியினூடாகவே தெரிகின்றன. இது அவர்மீது நாம் சுமத்தும் குற்றமன்று. சுங்க அதிகாரி சுங்க ஏட்டிலிருந்தே எழுதுவார். அவ்வேட்டையே சமூகத்தின் முழுப்படமாகக் கொள்ளும் பின்வந்த ஆய்வாளரே எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

திருவாங்கூரின் தனியுரிமை 1863 இல், திவான் மாதவராவ் காலத்தில், நீக்கப்பட்டது. அதனிடத்தை இறக்குமதித் தீர்வை பிடித்தது. யாழ்ப்பாண இலைக்கு ஒரு வீதம், திருநெல்வேலி இலைக்கு ஒரு வீதம், கோயம்புத்தூர் இலைக்கு ஒரு வீதம் எனப் பிறப்பிடம் பார்த்து வரி விதிக்கும் போக்கு நிலவியது. வேலணையில் ஒரு குடும்பம் அடுத்த ஆண்டு எத்தனை கன்று நடுவது என்ற முடிவு, கடலுக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் எழுதப்படும் தீர்வைப் பட்டியலைச் சார்ந்திருந்தது. 'மலையாளப் புகையிலை' என்று இங்கு விளையும் இலைக்கே பெயர் வழங்கியதன் காரணமும் இதுவே. விளைந்த மண்ணின் பெயரன்றி விலைபோகும் நாட்டின் பெயர் பண்டத்துக்கு அமைந்தது.

இனி, ஏட்டில் ஏறாத உழைப்பை நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையின் மேல் ஒட்டியிருக்கும் மண் ஆழமற்றது. தீவகத்தில் அது மேலும் மெலிந்தது. நெடுந்தீவிலோ பவளக் கற்களை அடுக்கி வேலியாக்குமளவுக்குக் கல்லே மிகுந்தது. இம்மண்ணைப் புகையிலைக்குத் தகுதியாக்கியது மனித உழைப்பு. மாட்டுப்பட்டி அடைத்தும், குழை தாழ்த்தும், ஆண்டுதோறும் நிலத்துக்கு உரமூட்டினர். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்ட கன்றுக்குக் கிணற்று நீர் இறைக்க, ஒருவர் துலாமிதிக்க ஒருவர் பட்டை பிடிக்க, விடியுமுன்பே வேலை தொடங்கும். பின்னர் நுனி முறித்தல், பக்க அரும்பு கிள்ளுதல், இலை வெட்டுதல், வாட்டுதல், குடிலினுள் தொங்கவிட்டுத் தென்னம்பொச்சு முதலியவற்றால் புகையூட்டுதல், பாடம் போடுதல் என்று ஏறக்குறைய அரையாண்டு ஓயாத வேலை. காணியுடையவன் குடும்பமும், அவனுக்குக் கட்டுப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரும், கூலிக்கு வந்தோரும் இதிற் பங்குகொண்டனர். அவர்களுள் கடைசி இரு சாராரும், எல்லாச் சாராரிலும் உள்ள பெண்களும், ஏற்றுமதிக் கணக்கில் எங்கும் இல்லை. பச்சை இலையைக் கையாள்வோரின் தோல்வழியே நிக்கொட்டின் உடலிற் புகுந்து குமட்டலும் தலைச்சுற்றலும் ஏற்படுத்தும் என்பதை இன்றைய மருத்துவம் ஒரு நோயாகவே பெயரிட்டு வகுத்துள்ளது. அன்று அது 'புகையிலை மயக்கம்' என்ற அளவில் கழிந்திருக்கும்.

இலையை அடுத்தது சுருட்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களின் வரலாறு தனி நூலுக்குரியது. துண்டுக் கணக்கிற் கூலி பெற்று நாள்முழுதும் குந்தியிருந்து சுற்றிய தொழிலாளருக்கு ஒருவர் பத்திரிகையையும் கதைநூல்களையும் உரக்க வாசித்துக் காட்டிய வழக்கத்தை எமது முற்போக்கு எழுத்தாளர் பலர் நினைவுகூர்வர். (கியூபாச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் இதனை ஒத்த வாசிப்பு மரபு இருந்தமை, தொழிலின் தன்மை பண்பாட்டை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு இனியதோர் ஒப்புமை.) எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் பலர் உலகச் செய்தியையும் தொழிற்சங்கச் சிந்தனையையும் அக்கொட்டில்களிலேயே பெற்றனர். தீவக மக்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகள் நடத்தினர். யாழ்ப்பாணத்தான் கடை என்றால் சுருட்டுக்கடை என்று தென்னிலங்கையோர் எண்ணுமளவுக்கு அத்தொடர்பு ஆழமானது. ஆகவே புகையிலையை நச்சுப்பயிர் என்று மட்டும் கூறி வரலாற்றிலிருந்து தள்ளிவிடுவது எளிதன்று. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கல்வீடுகளும் எழுந்ததில் அதற்கும் பங்குண்டு. அதேவேளை அப்பங்கைப் பெருமையாகப் பேசுவோர், அவ்விலையால் வாய்ப்புற்று நோய் கண்டு இறந்தோரையும் அதே கணக்கில் வைத்துப் பேசுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் மலையாளச் சந்தை சுருங்கியது. உயர்ந்துசென்ற தீர்வையும் இந்திய இலையின் போட்டியும் அதற்குக் காரணங்கள். 1930களில் விளைப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கமாகத் திரண்டு இடைத்தரகரைத் தவிர்க்க முயன்றனர். சுதந்திரத்தின் பின் ஏற்றுமதி மேலும் தேய, உள்நாட்டுச் சுருட்டும் வெற்றிலையோடு சேரும் மெல்லும் புகையிலையுமே பயிரைத் தாங்கின.

இங்கே ஒரு நிகழ்ச்சி எமது பொருளுக்கு மிக முக்கியமானது. 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை உயர்ந்தது. குடாநாட்டு விவசாயிகள் திரளாக அப்பயிர்களின்பாற் சென்றனர். புகையிலைத் தோட்டங்கள் பல மிளகாய்த் தோட்டங்களாயின. எவரும் அவர்களுக்குப் புகையிலையின் தீமை பற்றி விரிவுரை ஆற்றவில்லை, தடைச்சட்டம் இயற்றவுமில்லை. நிச்சயமான விலையுள்ள மாற்றுப்பயிர் ஒன்று கிடைத்தது, அதுவே போதுமானதாயிற்று. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அவ்விலை சரிந்தது. புகையிலைக்கு மாற்று இல்லை, யாழ்ப்பாண விவசாயி பழமையிலிருந்து விலகான் என்று கூறுவோர், 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகளைக் கருத்திற் கொள்ளவேண்டும். இலங்கையில் நிகழ்ந்த புகையிலை மாற்றுப்பயிர் முயற்சிகளுள் பயன்தந்தது எது என்று எம்மைக் கேட்டால், சுகாதாரத்துறை சாராத, புகையிலையைக் கருதியே இராத இவ்விறக்குமதிக் கொள்கையைத்தான் சுட்டுவோம். அதனை எவரும் புகையிலைக் கட்டுப்பாட்டின் சாதனையாக அறிக்கையிட்டதில்லை.

பின் வந்தது போர். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். தோட்டங்கள் பற்றையாயின, கிணறுகள் தூர்ந்தன. 1981 இன் குடிசன மதிப்பீட்டின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையான மதிப்பீடு நடந்தது 2012 இலேயே. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இங்கு நிறைவேற்றப்படவில்லை. முப்பத்தொரு ஆண்டு இடைவெளி. முன்னேற்றத்தை அளப்பதற்குத் தொடக்கநிலை ஒன்று வேண்டும். அத்தொடக்கநிலையே தீவகத்தில் உடைந்துபோயிற்று. 1981 இன் வேலணையும் 2012 இன் வேலணையும் பெயரால் ஒன்று. மக்களாலும் வயதமைப்பாலும் வெவ்வேறு. இவ்வுண்மையை மறந்து, 'பாவனை குறைந்தது', 'செய்கைப் பரப்புக் குறைந்தது' என எழுதுவோர், கொள்கையின் வெற்றியையும் மக்களின் இடப்பெயர்வையும் பிரித்தறிய முடியாதோராவர்.

உலக மருத்துவ ஆராய்ச்சி இதற்கிடையில் வெகுதூரம் சென்றிருந்தது. 1950 இல் டோல், ஹில் ஆகியோரின் ஆய்வு புகைத்தலையும் நுரையீரற் புற்றுநோயையும் தொடர்புபடுத்தியது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மெல்லல் மனிதரிற் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இல் வெளியிட்டது. 2004 இல் வெளிவந்த அதன் தொகுதி, புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டையும் பாக்கையும் அதே வகுப்பிற் சேர்த்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று நோய் முதன்மை பெற்றிருப்பதற்கு இம்மெல்லற் பழக்கம் பெருங்காரணம் என்பது மருத்துவர் கண்ட முடிபு.

2003 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய சட்டகச் சமவாயம் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அவ்வாறு செய்த முதல் நாடு இதுவே. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கான தேசிய அதிகாரசபை அமைந்தது. விளம்பரம் தடைசெய்யப்பட்டது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்றல் குற்றமாயிற்று. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பைப் படத்துடனான எச்சரிக்கை நிரப்புகின்றது. இவை சிறு சாதனைகளல்ல. பன்னாட்டு மூலதனத்தின் துணைநிறுவனமொன்று நாட்டின் சிகரெட் உற்பத்தி முழுவதையும் கையில் வைத்திருக்கும் சூழலில் இவற்றைச் சாதித்தோர் பாராட்டுக்குரியர்.

சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை ஆராய்ச்சி, கண்காணிப்புப் பற்றியது. 21 ஆம் உறுப்புரை அறிக்கையிடல் பற்றியது. ஈராண்டுக்கொரு முறை ஒவ்வொரு நாடும் வினாக்கொத்தொன்றை நிரப்பிச் சமர்ப்பிக்கின்றது. பாவனை வீதம், வரி, விலை, சட்டம், வழக்குகள், மாற்றுத் தொழில் ஆகியன அதில் வினவப்படுகின்றன. விளைப்போருக்கும் தொழிலாளருக்கும் மாற்று வாழ்வாதாரம் அளிப்பது 17 ஆம் உறுப்புரையின் பொருள்.

அறிக்கை என்னும் இவ்வடிவத்தை வரலாற்று மாணவர் கூர்ந்து பார்த்தல் தகும். சிகரெட் ஓர் ஆலையில் உற்பத்தியாகி, ஒவ்வொரு குச்சிக்கும் வரி செலுத்தி வெளிவருகின்றது. ஆகவே அதன் எண்ணிக்கை அரசுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆண்டுதோறும் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல இயலும். யாழ்ப்பாணச் சுருட்டும், சந்தையிற் கட்டாக விற்கும் மெல்லும் இலையும் அவ்வாறு வருவனவல்ல. இங்கே பேர்ட்டோலாச்சியின் பலகணி மீண்டும் தோன்றுகின்றது: தீர்வை செலுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது, செலுத்தாதது மங்குகிறது. 2014-15 இல் நடத்தப்பட்ட தேசிய ஆபத்துக் காரணி ஆய்வின்படி இலங்கை ஆண்களில் ஏறக்குறைய 29 வீதத்தினர் புகைப்போர். ஏறக்குறைய 26 வீதத்தினர் புகையற்ற புகையிலையைப் பாவிப்போர். இரண்டும் ஏறத்தாழச் சமம். பெண்களிற் புகைப்போர் ஆயிரத்துக்கு ஒருவர் அளவே. மெல்லுவோரோ நூற்றுக்கு ஐவர். புகைத்தல் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் அறிக்கையில் பெண்கள் புகையிலையின் தீங்குக்கு அப்பாற்பட்டோர் போலத் தோன்றுவர். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வெற்றிலைத் தட்டத்தோடு திண்ணையில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் 'புகைப்பீர்களா, அம்மா?' என்று வினவினால், அவர் சிரித்தபடி இல்லை என்பார். படிவத்தில் அது நற்செய்தியாகப் பதியும்.

2016 இல் புகையற்ற புகையிலைக் கலவைகள் ஒழுங்குவிதியினால் தடைசெய்யப்பட்டன. அக்காலத்தை அடுத்தே, 2020 க்குள் புகையிலைச் செய்கை முற்றாக நிறுத்தப்படும் என அன்றைய அரசு அறிவித்தது. வடக்கின் விவசாயிகள் மாற்றுப்பயிருக்கான உறுதியும் சந்தையும் கேட்டனர். 2020 வந்து கழிந்தது, செய்கை நிற்கவில்லை. அறிவிப்பு பதிவாகியதைப்போல் அதன் நிறைவேறாமையும், அதற்கான காரணமும் பதிவாதல் வேண்டும். நிறைவேறாத இலக்கை எழுத அஞ்சும் அறிக்கைமுறை, அடுத்த இலக்கையும் அவ்வாறே இழக்கும்.

இதற்கிடையில் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சிறுநகரங்களில் வணிகர் தாமாகவே சிகரெட் விற்பனையைக் கைவிட்டதாக 2018 அளவிற் கூறப்பட்டது. அவ்வரிசையில் முன்னின்றது யாழ்ப்பாண மாவட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் உழைப்புக்கு இது சான்று. ஆயினும் சிகரெட் அற்ற கடையில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் தட்டில் இருந்தால் அந்நகரை எவ்வரிசையிற் சேர்ப்பது? சோதனையிடப்பட்ட கடைகள் எத்தனை, நடத்தப்பட்ட கருத்தரங்குகள் எத்தனை, ஒட்டிய சுவரொட்டிகள் எத்தனை என்பன செலவிட்ட பணத்துக்குக் கணக்காகலாம். மென்றோர் குறைந்தனரா, நாற்பது வயதுக்கு மேற்பட்டோரின் வாயிலே வெண்படலம் காலத்தோடு கண்டறியப்பட்டதா என்பன வேறு கணக்கு. முன்னையதை எழுதுவது எளிது. பின்னையதற்கு ஆள் தீவுக்குப் போகவேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல்வழி ஒரு மணிநேரம் அளவில் ஆகும். காற்றுக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. பல் மருத்துவர் அங்கே எத்தனை நாள் இருந்தார் என்பதே ஒரு குறிகாட்டியாகக் கொள்ளத்தக்கது என்பது எமது கருத்து.

தீவகத்தின் நீர்நிலையும் இதனோடு பிணைந்தது. சுண்ணக்கல்லினுள் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கும் நன்னீரே தோட்டத்துக்கும் குடிக்கும் வாய்க்கும் பொது. துலா இருந்த காலத்தில் மனிதத் தசையின் அயர்வே இறைப்புக்கு எல்லையாயிற்று. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்க, உவர் மேலேறியது. சமவாயத்தின் 18 ஆம் உறுப்புரை புகையிலைச் செய்கையினால் சூழலுக்கு நேரும் தீங்கையும் பேசுகின்றது. வேலணைக் கிணறொன்றின் உவர்ப்பு ஆண்டுக்காண்டு மாறுவதை அளந்து அறிக்கையிற் சேர்ப்பது, அவ்வுறுப்புரைக்கு நாம் தரக்கூடிய மிகப் பொருத்தமான விடையாகும்.

கிராம அலுவலரிடம் காணிப்பதிவு இருக்கின்றது. கமநல சேவை நிலையத்திற் பயிர்ப்பதிவு இருக்கின்றது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பரிசோதனைப் பதிவும், மக்களின் நடைபயணத்தாற் சேர்ந்த நிதியால் எழுந்து 2013 இல் திறக்கப்பட்ட தெல்லிப்பளைப் புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளர் பதிவும் இருக்கின்றன. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் இந்நான்கு ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்து, ஆண்டுவாரியாகப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்புநோக்கும் வேலையைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல், புவியியல், சமுதாய மருத்துவத் துறை மாணவர் கூடி மேற்கொள்ளலாம். அதற்குப் பெருநிதி தேவையில்லை. நோயாளரின் பெயர் மறைத்து ஊரும் வயதும் தொழிலும் மட்டும் பெற்றாற் போதும். தொழில் என்னும் பகுதியில் 'கூலி' என ஒரு சொல்லில் எழுதி விடாது, எத்தோட்டக் கூலி, எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதுவோர் வேண்டும்.